124 ரூபாய் பெற்றோலும் வெலிமடையில் ஓர் இரவும்: யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு ஒரு சிக்கனப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 10 முதல் 15 வரை மூன்று பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் மலைநாட்டுக்குப் போய் வந்தோம். மொத்தம் 1,036 கிலோமீற்றர். யாழ்ப்பாணம், மாத்தளை, நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளை, எல்ல, பதுளை, மஹியங்கனை, பொலன்னறுவை, திரும்ப யாழ்ப்பாணம். ஆளுக்கு 18,000 ரூபாய் முடியும் என்று போட்ட கணக்கு 23,868 ரூபாயில் போய் நின்றது.

வந்ததிலிருந்து எங்கட பக்கத்துப் பெடியள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, எவ்வளவு முடிஞ்சது?" என்பதுதான். தொகையைச் சொன்னால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது, எங்கே கூடியது, அதில் எது தவிர்த்திருக்கக் கூடியது என்பதுதான் உண்மையில் தேவையான விஷயம். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். மச்சானிடமும் நண்பனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிழை மூன்று பேருடையதும்.

திட்டம்

தை மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கொப்பி ஒன்றில் போட்ட திட்டம். என்னிடம் பல்சர் 150. மச்சானிடம் சீரீ 100. மூன்றாவது ஆள் கிளிநொச்சி நண்பன், அவனிடம் சொந்த வாகனம் இல்லை. அவனுடைய அம்மா பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுக்கு மலைநாடு பார்க்கப் போகிற இடம், அவனுக்கு அது தாய்வழி ஊர். அவனுடைய பெரியம்மா இன்னமும் தம்பேதென்னப் பக்கத்தில் இருக்கிறா. அங்கே இரண்டு இரவு தங்கலாம் என்பது எங்கள் சிக்கனத் திட்டத்தின் நடுத்தூண்.

கணக்கு இப்படி. 92 ஒக்ரேன் பெற்றோல் அப்போது லீற்றர் 309 ரூபாய். யாழ்ப்பாணத்தில் பல்சர் 50 கிலோமீற்றரும் சீரீ 65 கிலோமீற்றரும் ஓடும், ஆக ஆயிரம் கிலோமீற்றருக்கு இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய். மாத்தளை, நுவரெலியா, மஹியங்கனை மூன்று இடத்திலும் அறை 14,000. ஹப்புத்தளையில் வாடகை இல்லை. சாப்பாடு 18,000. புறப்படுமுன் இரண்டு வாகனத்துக்கும் சேர்விஸ் 6,000. நுழைவுச்சீட்டும் கைநிறைய ஏதாவது வாங்கிப் போவதும் 2,000. அவசரத்துக்கு 3,000. கூட்டினால் 54,000, மூன்றாகப் பிரித்தால் 18,000.

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. கணக்குப் போட்ட அளவுகோல்தான் பிழை. நாங்கள் எல்லாவற்றையும் கிலோமீற்றரில் அளந்தோம். யாழ்ப்பாணத்தில் அது சரி. பருத்தித்துறைக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், எவ்வளவு பெற்றோல், பிறேக் எவ்வளவு தேயும் எல்லாமே தெரிந்துவிடும். எங்கள் குடாநாட்டில் ஏற்றம் என்றால் பாலம்தான். மலையில் 50 கிலோமீற்றர் என்பது நேரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாத ஒரு எண். நுவரெலியாவிலிருந்து ஹப்புத்தளை ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தானே என்று அதற்கு எதிரே ஒன்றரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தோம். எங்களுக்கு அது ஒரு முழு நாளும் அடுத்த நாள் பாதியும் எடுத்தது.

முதல் நாள்: ஏ9, யாழ்ப்பாணம் கண்டி வீதி

ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாள். திங்கள் விடிய வெளிக்கிட வேண்டும், போன் சார்ஜ் ஏற்ற முடியாமல் பின்னேரம் வரை காத்திருந்தோம். அம்மாவுக்கு வேறு கவலை. "நாளையிண்டைக்குத் தைப்பூசம், அண்டைக்கு வீட்டில நில்லாமல் எங்க போறியள்?" என்றா. பூசத்தன்று நுவரெலியா போகும் வழியில் இறம்பொடையில் ஆஞ்சநேயரையும் அதற்கடுத்த நாள் சீதா எலியவில் சீதை அம்மனையும் கும்பிடுகிறோம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம்.

காலை 4.15க்குப் புறப்பட்டோம். இந்த நேரத்தை நான் இனிப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனையிறவு தாண்டியதிலிருந்து மாங்குளம் வரை மாடுகள் தார் வீதியின் சூட்டுக்காக அதன் நடுவில் படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த தார், எதிரே வரும் பஸ்ஸின் முழு வெளிச்சம். இரண்டு இடத்தில் மயிரிழையில் தப்பினோம். 5.30க்குப் புறப்பட்டிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு, விடிய வவுனியா. அம்மா கட்டித் தந்த புளிச்சாதத்தை மதவாச்சிக்கு அங்கால ஒரு குளக்கட்டில் இருந்து சாப்பிட்டோம். மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை. பகல் 1.40க்கு மாத்தளை.

கண்டி வரை போகாமல் 26 கிலோமீற்றர் முன்னே மாத்தளையில் தங்கியது இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. மூன்று பேருக்கான அறை 4,000 ரூபாய், கண்டியில் விசாரித்தபோது அதைவிட நன்றாகக் கூடச் சொன்னார்கள். முத்துமாரியம்மன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் கடைகள், சாப்பாட்டுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்பது மணித்தியாலம் ஓடிய முதுகுக்கு அந்தப் பின்னேரம் தேவைப்பட்டது.

இரண்டாம் நாள்: இறம்பொடை ஏற்றம்

கண்டி நகர நெரிசலைக் கடக்க ஒரு மணித்தியாலம். பேராதனை, கம்பளை, புசல்லாவை வரை சுகமான வீதி. புசல்லாவைக்கு மேலே போகப் போக சீரீயின் சத்தம் மாறியது.

எங்கள் சுமை இப்படி இருந்தது. பல்சரில் நானும் எல்லோருடைய பைகளும். சீரீயில் மச்சானும் நண்பனும். சிறிய இயந்திரத்தில் இரண்டு பேர், பெரிய இயந்திரத்தில் ஒருவர். பை கட்டுவதற்குப் பல்சரில்தான் கம்பி பூட்டியிருந்தது என்பதைத் தவிர இதற்கு ஒரு காரணமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இது ஒரு வித்தியாசமும் தராது. இங்கே கொண்டையூசி வளைவுகளில் சீரீ முதல் கியருக்கு இறங்கி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தபடி நின்றது.

பாரம் மட்டும் காரணமில்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, அதனால் இயந்திரத்துக்குள் போகும் ஒட்சிசனும் குறைகிறது. ஆயிரம் மீற்றருக்குப் பத்திலொரு பங்கு வலு குறையும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே போய்ச் சேரும்போது 100 சீசீ இயந்திரம் கிட்டத்தட்ட 80 சீசீக்காரன் போலத்தான் இழுக்கும். காபுரேற்றர் உள்ள வாகனமென்றால் காற்றுக் குறைந்தாலும் பெற்றோல் அதே அளவுக்குப் போகும், அதனால் புகை கறுக்கும், செலவு கூடும். இறம்பொடைச் சுரங்கப் பாதைக்குக் கிட்ட நிறுத்தி ஆளை மாற்றினோம். நண்பன் பல்சருக்கு, பைகளில் பாதி சீரீக்கு. அதற்குப் பிறகு இரண்டு வாகனமும் ஒன்றாக ஏறின. புறப்பட்ட நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

மாத்தளையிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ஆறரை மணித்தியாலம் எடுத்தது. அதில் இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலும் நீர்வீழ்ச்சி பார்த்து நின்றதும் அடக்கம். அதை நட்டமாக நான் எண்ணவில்லை. நீர்வீழ்ச்சி பார்க்கத்தானே போனோம்.

நுவரெலியாவில் இரண்டு விஷயம் மட்டும். நாங்கள் கொண்டு போன உடுப்பு யாழ்ப்பாண உடுப்பு. மழைக்கோட் இருந்தது, குளிருக்கு ஒன்றும் இல்லை. பேல் பசாரில் இரண்டு ஜக்கெற் 3,600 ரூபாய்க்கு வாங்கினோம். மாசி மாதத்து விடியலில் அங்கே சில வேளை புல்லில் உறைபனி பிடிக்கும், அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யாரிடமாவது இரவல் வாங்கியிருந்தால் அந்தக் காசு மிச்சம். இரண்டாவது, காலையில் சீரீ ஸ்ராட் ஆகவில்லை. இருபது உதை உதைத்த பிறகு விடுதிக்காரர் வந்து காபுரேற்றர் பக்கத்தில் இருந்த சோக்கை இழுத்துவிட்டார். ஒரே உதையில் பிடித்தது. அந்த வாகனத்தை மச்சான் ஐந்து வருடம் ஓடியிருக்கிறான், அந்தச் சோக்கை ஒரு நாளும் தொட்டதில்லை. யாழ்ப்பாணச் சூட்டுக்கு அது தேவைப்பட்டதேயில்லை.

மூன்றாம் நாள்: வெலிமடை இறக்கம்

பெப்ரவரி 12, புதன்கிழமை, போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அது போயா என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அது எங்களுக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

சீதை அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஹக்கலை தாண்டினால் வீதி ஒரே இறக்கம். வலப்பக்கமும் இடப்பக்கமும் படிப்படியாக மரக்கறித் தோட்டங்கள். கரட், லீக்ஸ், கோவா, அப்புறம் உருளைக்கிழங்கு. எங்கள் வலிகாமத்தில் செம்மண்ணில் கிழங்கு போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதே கிழங்கு மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்துக் கண் எடுக்க முடியவில்லை. மெதுவாகத்தான் ஓடினேன்.

மச்சான் முன்னால் போனான். சத்தமே இல்லாமல் போனான். அந்தச் சத்தமின்மையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவன் நியூற்றலில் விட்டிருந்தான். முதல் நாள் இரவு பெற்றோல் கணக்குப் பார்த்தபோது ஏற்றத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடப் போயிருந்தது. இறக்கத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று நாங்கள் மூன்று பேருமே கதைத்திருந்தோம். அவன் அதைச் செய்தான், அவ்வளவுதான்.

ஏழெட்டுக் கிலோமீற்றர் போயிருக்கும். ஒரு வளைவில் அவனுடைய கால் பின் பிறேக்கை அடிவரை மிதித்திருந்தது எனக்குத் தெரிந்தது, வாகனமோ குறையாமல் போனது. முன் பிறேக்கையும் இறுக்கிப் பிடித்திருந்தான். வளைவின் வெளிப்பக்கம் மண் கரை, அதற்கு அங்கால பள்ளம். அவன் உட்பக்கமாக மலையோடு ஒட்டி விட்டு, இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்து, மரக்கறி மூடைகள் அடுக்கியிருந்த ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினான். எதிரே அந்த நேரம் ஒரு வாகனமும் வரவில்லை. அது மட்டும்தான் எங்களைக் காப்பாற்றியது.

நான் போய் நிற்கும்போது அவன் இன்னும் ஹாண்டிலை விடவில்லை. "மச்சான், பிறேக் பிடிக்குதில்லையடா. இருக்குது, ஆனால் பிடிக்குதில்லை" என்றான். பின் சில்லிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை. கருகிய நகம் மாதிரி ஒரு மணம். நண்பன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடினான். அதற்குள் மேலேயிருந்து வந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கினார், தோட்டத்துத் தமிழர், ஐம்பது வயது இருக்கும்.

"தம்பி, தண்ணி ஊத்தாதீங்க. ட்ரம் வெடிச்சிரும். ஆற விடுங்க" என்றார். பிறகு என்ன கியரில் வந்தாய் என்று மச்சானிடம் கேட்டார். சொன்னதும் அவர் கோபிக்கவில்லை. "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. ரெண்டுல ஏறுற எடத்துல ரெண்டுல எறங்கு. பிரேக்க தொட்டுத் தொட்டு விடணும், அமுக்கிக்கிட்டே வரக் கூடாது."

இந்த மூன்று வாக்கியத்தையும் புறப்படுமுன் யாராவது சொல்லியிருந்தால் இந்த ஆய்வு எழுத வேண்டி வந்திருக்காது.

நடந்தது இதுதான். கியரில் இருக்கும்போது இறக்கத்தில் இயந்திரமே வாகனத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூற்றலில் விட்டால் அந்தப் பிடி இல்லை, முழுப் பாரமும் பிறேக்கின் மேல். சீரீக்கு முன்னும் பின்னும் ட்ரம் பிறேக். ட்ரம்முக்குள்ளே சூடு வெளியேற வழி குறைவு. தொடர்ந்து அமுக்கிக்கொண்டு வந்தால், ட்ரம்மின் உட்பக்கத்தில் உரசிச் சில்லை நிறுத்தும் சூவின் லைனிங் சூடேறி உராயும் தன்மையை இழக்கிறது. ட்ரம்மும் சூட்டில் விரிந்து சூவிலிருந்து விலகுகிறது. அதனால் பெடல் கீழே போகும், வாகனம் நிற்காது. ஆறினால் பெரும்பாலும் திரும்ப வரும். எங்களுக்கு முழுதாக வரவில்லை.

முக்கால் மணித்தியாலம் ஆற விட்டு, முச்சக்கர வண்டிக்காரர் முன்னால் போக, இரண்டாம் கியரில் ஊர்ந்து வெலிமடைக்கு வந்தோம். பின் பிறேக் பாதிதான் பிடித்தது, முன் பிறேக்கில் கிரீச்சென்று ஒரு சத்தம். கராஜ் தேடினோம். போயா. ஒன்று பூட்டு, இரண்டாவது பூட்டு, மூன்றாவது இடத்தில் ஆள் விகாரைக்குப் போய்விட்டார் என்று வீட்டார் சொன்னார்கள், நாளை எட்டரைக்கு வரச் சொன்னார்கள். பல்சரில் இரண்டு தடவையாக ஆட்களை ஹப்புத்தளைக்கு ஏற்றிப் போகலாமா என்று யோசித்தோம். வாகனத்தை விட்டுவிட்டுப் போக மச்சானுக்கு மனமில்லை. எனக்கும் அவனைத் தனியே விட மனமில்லை. 4,500 ரூபாய்க்கு அறை எடுத்தோம். பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "சோறு ஆக்கிட்டேனேப்பா" என்றா. அந்தக் குரல் இப்பவும் காதில் இருக்கிறது.

காலையில் மெக்கானிக் பின் சில்லைக் கழற்றிச் சூவை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வழுக்கியது. ஒரு ஓரம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முன் சூ அதைவிட மோசம், லைனிங் தேய்ந்து சில இடத்தில் உலோகம் தெரிந்தது. அது ஒரே நாளில் தேய்ந்ததில்லை. புறப்படுமுன் யாழ்ப்பாணத்தில் செய்த சேர்விஸில் ஒயில், செயின், ரயர், பிளக் எல்லாம் பார்த்தார்கள், ட்ரம்மைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறேக் சூ மாற்றுவதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. இரண்டு சோடி சூவும் கூலியும் 3,400 ரூபாய்.

அதே ஆண்டு மே 11 அன்று, நாங்கள் ஏறிப் போன நுவரெலியா கம்பளை வீதியில், கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தி வந்த அன்று மச்சான் எனக்கு அழைத்தான். இரண்டு பேரும் கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

ஹப்புத்தளை

வியாழன் பகல் போய்ச் சேர்ந்தோம். ஹப்புத்தளை நகரிலிருந்து தம்பேதென்ன ஏறத்தாழ 10 கிலோமீற்றர், தேயிலைக்கு நடுவில் ஒடுங்கிய வீதி. 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இன்னும் அங்கே நிற்கிறது. பெரியம்மா வீட்டில் நாங்கள் கொண்டு போன பனங்கட்டி, ஒடியல், பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் பிரித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பங்கு வைத்து அனுப்பினா. இதற்கு 2,200 ரூபாய் செலவழித்தோம். இந்தப் பயணத்தில் செலவழித்த காசில் நான் ஒரு சதமும் குறைக்க விரும்பாத காசு அதுதான்.

இரண்டு சின்ன அறை உள்ள லயத்து வீடு. ஒரு அறையை முழுதாக எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் ஐந்து பேர் மற்றதில் படுத்தார்கள். சிக்கனப் பயணம் என்று எழுதும்போது இந்த இரவைச் சுழியம் ரூபாய் என்று போடுகிறோம். அதன் செலவை வேறு யாரோ சுமந்தார்கள். மலையகத்தில் உறவுக்காரர் வீடு இருக்கிறது, அங்கே சும்மா தங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கையோடு அரிசி பருப்பாவது கொண்டு போங்கள். வேலைக்குப் போகும் வீடு என்பதையும் நினைவில் வைத்து, விடிய அவர்கள் எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள்.

வெள்ளிக்கிழமை விடிய 5 மணிக்கு லிப்டன் சீற்றுக்கு ஏறினோம். தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழு கிலோமீற்றர், வளைந்து வளைந்து. இப்போது எல்லோரும் ஒரே கியர், ஒரே வேகம். உச்சியில் போய் நின்றபோது கீழே முழுக்க வெண்முகில், தெற்கே வெளி. சூரியன் வந்ததும் முகில் விலகி, குளங்கள் ஒவ்வொன்றாகத் தகடு மாதிரி மினுங்கத் தொடங்கின. நண்பன் அவனுடைய அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். கிளிநொச்சியில் இருந்துகொண்டு அவ, "அந்தப் பக்கம் திருப்பு, அந்த மரத்துக்கு அங்கிட்டு" என்று சொல்லிச் சொல்லிக் காட்டச் சொன்னா. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது அவ அந்த இடத்தைப் பார்த்து. சிக்னல் விட்டு விட்டு வந்தது. நாங்கள் அங்கே ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்.

திட்டப்படி அங்கே இன்னொரு நாள் நிற்க வேண்டியது. வெலிமடையில் போன நாள் அதை எடுத்துக்கொண்டது.

திரும்பி வந்தது

பண்டாரவளை வழியாக எல்ல. 1921 இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு, அங்கே சாப்பாட்டு விலையைக் கேட்டு, பதுளைக்குப் போய்ச் சாப்பிட்டோம். எல்லயில் ஒரு தட்டுக் கொத்து ரொட்டிக்குச் சொன்ன விலையில் பதுளையில் இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

பதுளையிலிருந்து மஹியங்கனை இறக்கம் எங்களுக்கு ஒரு பரீட்சை. வெலிமடை வீதியில் செய்ததற்கு நேர்மாறாகச் செய்தோம். இரண்டாம் மூன்றாம் கியரில், இயந்திரம் உறும, பிறேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு. இடையில் இரண்டு தடவை நிறுத்தி, ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். சூடு இருந்தது, கை வைத்திருக்கக் கூடிய சூடு. அதே வாகனம், அதே ஆள், நீளமான இறக்கம். மாறியது கியர் மட்டும். சூவும் புதியது என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் புதிய சூவும் நியூற்றலில் கருகும்.

சனிக்கிழமை மஹியங்கனையிலிருந்து மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, மரதன்கடவல வழியாக ஏ9 பிடித்து, ஏறத்தாழ 370 கிலோமீற்றர். ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும் இடம், அதைப் பகலிலேயே கடக்க வேண்டும் என்று காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். விளக்கு வைக்கிற நேரம் கழிய வீடு.

கணக்கு

பெற்றோல் 45 லீற்றர், 13,905 ரூபாய். சமதரையில் சீரீ 60 ஓடியது, மலையில் 42. பல்சர் சமதரையில் 46, மலையில் 35. அறைகள் 19,000. சாப்பாடு 21,300, குளிரில் பசி கூடும், தேத்தண்ணியும் கூடும். முன் சேர்விஸ் 6,800. வெலிமடைத் திருத்தம் 3,400. ஜக்கெற் 3,600. நுழைவுச்சீட்டு, தரிப்பிடம் 1,400. பெரியம்மா வீட்டுச் சாமான் 2,200. மொத்தம் 71,605.

திட்டத்தைவிட 17,605 கூட. அதில் வெலிமடைத் திருத்தமும் வெலிமடை அறையும் மட்டும் 7,900. இனி அந்த நியூற்றலில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று பாருங்கள். இறக்கம் முழுவதும் 20 கிலோமீற்றர் என்று வையுங்கள். லீற்றருக்கு 50 ஓடும் என்று வைத்தாலும், ஒரு துளி பெற்றோலும் போகவில்லை என்று வைத்தாலும், மிச்சம் 0.4 லீற்றர். 124 ரூபாய். கியரில் திறொட்டிலை மூடி இறங்கினாலும் பெற்றோல் மிகக் கொஞ்சம்தான் போகும் என்பதால் உண்மையான மிச்சம் அதிலும் சிறு பங்கு.

மற்றப் பெரிய தொகைகளும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன. யாழ்ப்பாணத்து மைலேஜை மலைக்குப் போட்டதால் பெற்றோலில் 2,905. யாழ்ப்பாணத்து உடுப்போடு போனதால் 3,600. போயா நாள் யாழ்ப்பாணத்தில் அவ்வளவாகத் தெரியாது, கராஜ்காரர் திறந்து வைத்திருப்பார், மற்ற இடங்களில் அப்படியில்லை.

அடுத்த தடவை

நான் இப்போது கொப்பியில் கிலோமீற்றர் எழுதுவதில்லை. மலையில் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்து நேரத்தை எழுதுகிறேன், பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேரும்படி. மூன்றரைக்குப் பிறகு முகில் வீதிக்கு இறங்கினால் ஒன்றும் தெரியாது. மைலேஜை மூன்றிலொரு பங்கு குறைத்துப் போடுகிறேன். அவசரத்துக்கு 3,000 என்று வைத்தது போதாது, ஒரு இரவு அறையும் ஒரு திருத்தமும் சேர்ந்த தொகை வேண்டும், 8,000. பிறேக் ட்ரம்மைத் திறந்து காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகுதான் புறப்படுவது. சூ ஒரு சோடி பைக்குள். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் நான்கும் மூலப்பிரதியாக ஒரு பிளாஸ்ரிக் உறையில்.

மாதம் பற்றி. மேற்குச் சரிவில், அதாவது நுவரெலியா பக்கம், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்ரோபர், நவம்பரில் எங்கும் பின்னேர மழை. பதுளைப் பக்கம் மார்கழி, தை வரையும் மழை பெய்யும். எங்களுக்கு மாசி, பங்குனிதான் தோதான காலம். சித்திரையில் நுவரெலியா வசந்த காலக் கொண்டாட்டம், அறை வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. எங்கள் பயணம் முடிந்து ஒன்பது மாதத்தில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்து வீதிகளும் வீடுகளும் மனிதர்களும் போனார்கள். நாங்கள் ஓடிய வீதிகளில் எது எப்படி இருக்கிறது என்று போகுமுன் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக விடுகிறது. மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

அந்த வாரம் பெரியம்மா வீட்டுத் தொலைபேசி எடுபடவில்லை. நண்பனின் அம்மா சாப்பிடாமல் இருந்தா. நான்காம் நாள் இரவு பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லோரும் பாடசாலையில் இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் மண் வந்து நிற்கிறது, சுவர் நிற்கிறது என்றா. அடுத்த தடவை நாங்கள் போவதும் அங்கேதான். இந்த முறை பல்சரில் நண்பனுக்குப் பின்னால் அவனுடைய அம்மா. நான் பஸ்ஸில் போய் ஹப்புத்தளையில் அவர்களோடு சேர்வேன்.